மாட்டுத் தீனி

போரில் ஏரிக்கரை நிலம் ரஷ்யாவுக்குப் போய்விட, ஊரைக் காலி செய்துவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்த அன்று, லடோகா ஏரியின் வடகரை முழுக்க வீட்டுக்கு வீடு சண்டை. எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிட்டுப் போவது என்று. பலாகா வீட்டிலும் நடந்தது. வண்டியில் இடம் கொஞ்சம். தையல் மெஷினை ஏற்றலாம் என்றான் அவள் புருஷன் ஹுவோத்தி. ஏற்றியும் விட்டான். பலாகா அதை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, காளானுக்கு உப்புப் போடுகிற மரத் தொட்டியை அந்த இடத்தில் தூக்கி வைத்தாள். காலித் தொட்டி. அதோடு விட்டாளா என்றால் இல்லை. காளானை அமுக்கி வைக்கிற உருண்டைக் கல்லையும் உள்ளே போட்டாள்.

"கல்லு எல்லா ஊர்லயும் கெடக்கும் பிள்ள," என்றான் ஹுவோத்தி.

"இந்தக் கல்லு கெடக்காது."

அத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன். எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. பலாகா சாமி படத்தைப் பூத்தையல் துண்டில் சுற்றித் தொட்டிக்குள் செருகினாள். பசுவை வண்டிக்குப் பின்னால் கட்டினாள். பிறகு உள்ளே போய் அடுப்புச் சாம்பலை அள்ளி, தரையைத் தேய்த்துத் துடைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். வரப்போகிறவன் ரஷ்யக்காரன் என்று தெரியும். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வீட்டை வைத்திருந்த லட்சணத்தைப் பார் என்று எதிரி கூடத் தன்னைச் சொல்லிவிடக் கூடாது. அவள் சுபாவம் அது.

ரயிலிலும் நடையிலுமாக அவர்களை நாட்டின் மேற்கு ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஏரியும் குன்றும் காடுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஊரில் நிற்க ஒரு இடம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகையில் இழைத்த மாதிரி வயல். வயல் நடுவே வைக்கோல் கொட்டகைகள். ஆற்றோரம் சிவப்புச் சாயம் பூசிய மாடி வீடுகள். அதில் பெரிய வீடு ஹகோலா. அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறையை அரசாங்கம் இவர்களுக்கு ஒதுக்கியிருந்தது.

ஹகோலா வீட்டு எசமானி ஃபீனா. புருஷன் எப்போதோ போய்விட்டான். ஒரே பிள்ளை ஆர்வி, போர் முடிகிற கோடையில் லடோகா பக்கத்திலேயே குண்டடிபட்டு விழுந்தான். பெட்டியில் வைத்து ரயிலில் அனுப்பியிருந்தார்கள். தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் வீரர்களுக்கென்று வரிசையாக ஒரே அளவில் கல் நட்ட இடத்தில் அவனும் கிடந்தான். ஃபீனா அழுது யாரும் பார்க்கவில்லை. அந்த ஊரில் அழுகை, சிரிப்பு, பசி எல்லாமே கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியங்கள். வந்தவர்களுக்குப் படுக்கை கொடுத்தாள், பால் கொடுத்தாள், விறகு கொடுத்தாள். கொடுக்கும்போது கூடவே ஒரு பார்வையும் கொடுப்பாள். பால் இறங்கிய பிறகும் அந்தப் பார்வை தொண்டையில் நிற்கும்.

ஊர்க்காரர்கள் முதல் வாரமே பெயர் வைத்துவிட்டார்கள்: ரஷ்யக்காரி. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிற விதம் வேறு, பேச்சின் இழுப்பு வேறு, பண்டிகை வேறு. அது போதாதா? பால் பண்ணையில் ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். பலாகா பால்கேனைக் கீழே வைத்துவிட்டு, ரஷ்யக்காரனிடம் வீட்டையும் கொட்டிலையும் கொடுத்துவிட்டு வந்தவள் நான், நீ எதைக் கொடுத்தாய், சொல் கேட்போம் என்று நிதானமாகக் கேட்டாள். அவள் கேட்கும்போது குரலை உயர்த்துவதில்லை. அதுதான் எதிராளிக்கு எரிச்சல்.

அடுத்த ஆகஸ்டில் மழை விட்டதும் வயலுக்கு அப்பால் பைன் மரங்கள் நின்ற மணல் மேட்டுக்குப் போனாள். போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். தரை முழுக்கப் பால்காளான். செம்பழுப்புக் குடை, நடுவில் சின்னக் குமிழ். ஒருவர் கால் பட்ட தடம் இல்லை, ஒரு தண்டு பறிபட்ட அடையாளம் இல்லை. அவள் ஊரில் என்றால் விடிவதற்குள் பத்துக் கூடை போயிருக்கும். ஒன்றை ஒடித்தாள். வெள்ளைப் பால் வடிந்தது. நுனி நாக்கில் தொட்டுப் பார்த்தாள். மிளகை மென்றது போல் சுருக்கென்று ஏறியது. ஊரை விட்டு வந்தபிறகு அன்றுதான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

கூடையோடு திரும்பியபோது களத்தில் நின்றவர்கள் பசுவுக்கா என்று கேட்டார்கள். எனக்கு என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, ஹகோலா வீட்டுப் பின்கட்டில் இருக்கிறவர்கள் மாட்டுத் தீனி தின்கிறார்கள் என்று. அந்தப் பக்கத்தில் காளான் என்றால் மாடு தின்பது. மாடு காளான் தேடிக் காட்டுக்குள் ஓடிப் பால் குறைந்து போவதால் மாட்டுக்கும் திட்டு விழும். மனுஷன் தின்பான் என்று அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஃபீனா அடுப்பங்கரைக்கு வந்து பார்த்தாள். பலாகா காளானைக் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டி, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்து, தொட்டியில் ஓர் அடுக்குக் காளான் ஓர் அடுக்குக் கல்லுப்பு என்று போட்டுக்கொண்டிருந்தாள். மேலே மரத்தட்டு, தட்டின் மேல் லடோகாக் கல்.

"ஹகோலா வீட்டுப் பானையில மாட்டுத் தீனி வேகக் கூடாது," என்றாள் ஃபீனா.

"இது என் பான, எசமானியம்மா. மாட்டுக்கு இருக்கிற நாக்கு மனுசருக்கும் இருந்தா நல்லதுதான்னு பாக்குதேன்."

ஃபீனா சிரிக்கவில்லை. கதவருகே கொஞ்ச நேரம் நின்று அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருந்தது. கேட்காமல் போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலம் ஹுவோத்திக்கு நெஞ்சில் சளி கட்டியது. இளவேனில் வரை இழுத்துக்கொண்டு கிடந்தான். சூப்பு இறங்காது, ரொட்டி இறங்காது. வெங்காயம் நறுக்கிப் போட்ட உப்புக் காளான் மட்டும் ஒரு கரண்டி இறங்கும். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடிய நாளில், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவளைக் கூப்பிட்டான்.

"இவங்க செத்தவங்களுக்கு ஒண்ணும் வைக்க மாட்டாங்க பிள்ள. மண்ணத் தள்ளுவாங்க, பாட்டுப் பாடுவாங்க, போயிருவாங்க. என்னய இவங்களுக்கு நடுவுல பட்டினி போட்டுட்டுப் போயிராத."

போட மாட்டேன் என்றாள். அது சமாதானப் பேச்சு இல்லை. ஏரிக்கரை வழக்கத்தில் செத்தவர்களுக்கும் பசி உண்டு. வருஷத்தில் அதற்கென்று நாட்கள் உண்டு. கல்லறை மேலேயே துண்டை விரித்து, அப்பம் வைத்து, காளான் வைத்து, இறந்தவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். சாப்பிடாமல் எழுந்தால் அது பகை.

ஹுவோத்தியை ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே, மேற்குச் சுவரை ஒட்டிய மூலையில் புதைத்தார்கள். வேறு இடம் கிடையாது. அவள் சபைப் பாதிரியார் ரயிலேறி வந்து சாம்பிராணி போட்டுவிட்டு அடுத்த ரயிலில் போனார். கோடையில் அவளோடு அந்த ஊருக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தூரத்தில் வேறு மாவட்டத்தில் நிலம் கிடைத்து, மூட்டை கட்டினார்கள். பலாகாவையும் கூப்பிட்டார்கள். அங்கே நம் கோவில் உண்டு, நம் பேச்சு உண்டு, வா என்றார்கள். அவரை இங்கே நட்டுவிட்டு நான் எங்கே வருவது என்று கேட்டாள். அழுதார்கள். அவளும் அழுதாள். ஆனால் வண்டி ஏறவில்லை. அப்படியாக அந்த ஊரில் அவள் பேச்சைப் பேச அவளைத் தவிர ஆளில்லாமல் போயிற்று.

கல்லறைத் தோட்டத்துக்கு எலியல் என்று ஒரு காவல்காரர். மணி அடிப்பது, குழி வெட்டுவது, பாதையில் சருகு வாருவது எல்லாம் அவர் வேலை. கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. சரளைக்கல் பாதையில் வாருகோல் போட்ட கோடு கலையாமல் இருந்தால் அவருக்குச் சொர்க்கம். பலாகா ஹுவோத்திக்கு நாற்பதாம் நாள் அப்பமும் முட்டையும் வைத்துவிட்டு வந்ததும் காக்கைகள் வந்து கோட்டைக் கலைத்துவிட்டன. எலியல் எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் கொட்டினார். கொட்டியதைப் பலாகாவிடமே வந்து சொன்னார், இனி நடக்கக் கூடாது என்று. என் புருஷன் சாப்பாட்டை எடுத்துக் கொட்டியிருக்கிறீர், அதை நீர் அவரிடம் சொல்லிக்கொள்ளும் என்றுவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். அடுத்த படையல் நாளுக்காக அவள் காத்திருந்தாள். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமைகளில் ஒன்று. குளிருக்கு முன் இறந்தவர்களுக்கு வைக்கிற பெரிய படையல். அதற்குள் புதுக்காளான் உப்பில் ஊறியிருக்கும். ஹுவோத்திக்கு அதைத்தான் வைக்க வேண்டும்.

செப்டம்பரில் வினை வந்தது. ஒரு காலையில் ஹகோலா வீட்டு வேலைக்காரி கத்திக்கொண்டு ஓடினாள். ஃபீனா தரையில் சுருண்டு கிடந்தாள். வாயெல்லாம் வெந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாந்தி நிற்கவில்லை. அடுப்பின் மேல் ஒரு சட்டியில் வெண்ணெயில் வறுத்த காளான். வேலைக்காரிக்கு வேறென்ன தோன்றும்? ரஷ்யக்காரி விஷம் வைத்துவிட்டாள் என்றாள். மத்தியானத்துக்குள் கடைத்தெருவில் ஃபீனா செத்தே போயிருந்தாள்.

பலாகா உள்ளே வந்து சட்டியில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நாக்கு எரிந்தது. துப்பினாள். யாரோ கொதிக்க வைக்காமல் பச்சையாகவே வறுத்திருக்கிறார்கள். அவள் ஊரில் நாலு வயசுக் குழந்தை கூட இந்தத் தப்பைச் செய்யாது. அவள் தொட்டிக் காளானும் இல்லை. அதில் உப்பின் சுவடு இல்லை. கதவோரத்தில் ஃபீனாவின் பூட்ஸ் கிடந்தது. பூட்ஸில் ஒட்டியிருந்தது மணல், வயல் சேறு இல்லை.

படுக்கை அருகே போய் உட்கார்ந்து கேட்டாள்.

"நீங்களா பறிச்சீங்க?"

ஃபீனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. கேட்டா வாய் வெந்து போகுமா? இப்ப வெந்துதானே கெடக்கு."

பலாகா பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மூன்று வேளையும் கொடுத்தாள். ஃபீனா குடித்தாள். பேசவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் பேசவில்லை. ஊர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. பலாகா ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. பால் பண்ணையில், கடையில், பாலத்தில் என்று எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. ஹகோலா வீட்டு எசமானி கூடையைத் தூக்கிக்கொண்டு மாட்டுத் தீனி பறிக்கப் போவாளா? கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒரு வார்த்தை சொல்லி அதை நிறுத்தக்கூடியவள் ஃபீனா ஒருத்திதான். அவள் முன்கட்டில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். பலாகாவுக்கு அந்த ஊரிலேயே யார் மேலும் அத்தனை கோபம் வந்ததில்லை.

எலியலுக்கு இது நல்ல சாக்காகப் போயிற்று. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பலகை தொங்கியது: உணவுப் பொருள் உள்ளே கொண்டுவரக் கூடாது. ஊரில் ஒரு ஆளுக்காக ஒரு பலகை. பலாகா அதன் எதிரே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். சனிக்கிழமை வருவேன் என்றாள். வாசலில் நான் நிற்பேன் என்றார் எலியல். அந்த விஷத்தோடு வந்தால் போலீசைக் கூப்பிடுவேன், ஹகோலா எசமானி உன்னை அறையை விட்டுக் கிளப்பாமல் வைத்திருப்பதே பெரிய விஷயம் என்றும் சொன்னார்.

அதுவும் உண்மைதான். ஃபீனா வெளியே போ என்றால் அந்த ஊரில் அவளுக்கு வேறு கூரை இல்லை. கூரை இல்லாவிட்டால் வண்டி ஏற வேண்டும். ஏறினால் ஹுவோத்தி தனி. பலாகா இரண்டு நாள் அதை யோசித்தாள். சாமி படத்தின் முன்னால் நின்று, என்ன செய்யட்டும் என்று கேட்கக்கூட இல்லை; நான் செய்யப்போகிறேன், பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அப்பத்துக்கு ரை தானிய மாவு பிசைந்தாள்.

சனிக்கிழமை ஈரப்பனி தூறிக்கொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு முன் கல்லறைகளை ஊசியிலைக் கொப்பு போட்டு மூட ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். வேடிக்கை இருக்கிறது என்று தெரிந்து மீதிப்பேர் வந்திருந்தார்கள். எலியல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வாருகோலோடு நின்றார். பலாகா கூடையோடு நேராக வந்தாள். பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாசலைத் தாண்டிச் சுவரோரமாகவே நடந்தாள். மேற்கு மூலைக்கு வந்ததும் கூடையைச் சுவர் மேல் வைத்து, பாவாடையை இடுப்பில் சொருகி, ஐம்பத்து மூன்று வயசில் கருங்கல் சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள்.

எலியல் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் வாரிய கோடுகளை அவரே மிதித்துக்கொண்டு வந்தார்.

"வாசல்ல நிப்பேன்னு சொன்னேன்ல?"

"நீரு சொன்னபடி வாசல்ல நின்னீரு. நான் வாசல் வழியா வரலையே. வாசல் உம்ம பொறுப்பு, செவருமா?"

பூத்தையல் துண்டை மண்மேட்டில் விரித்தாள். விளிம்பு மடித்த அப்பங்களை வைத்தாள். வெங்காயம் போட்ட காளானைப் பெரிய கிண்ணத்தில் வைத்தாள். சின்னப் புட்டியில் சாராயம். இரண்டு கரண்டி. பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் வாய்விட்டு அழுததில்லை. பெண்கள் கொப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள்.

என்னச் சொமந்த தோளே, ஏரிக்கரைக் காவலே,
மண்ணத் தந்த ஊருல உனக்கு மணிச்சோறு தர ஆளில்ல,
கோலெடுத்து நிக்காரே குழிகாக்கும் புண்ணியவான்,
காலெடுத்துச் செவர் தாண்டிக் கஞ்சி கொண்டு வந்தேனே.

தான் ஒப்பாரியில் ஏறிவிட்டதை எலியல் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அந்த விஷத்த எடு முதல்ல. நாயோ நரியோ தின்னு செத்தா நான்தான் பதில் சொல்லணும்."

பலாகா முகத்தைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். கிண்ணத்திலிருந்து நிறைய அள்ளி வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினாள். இன்னொரு கரண்டி. சாராயம் ஒரு மிடறு.

"நான் செத்தா பக்கத்துலயே குழி வெட்டிரும். தூக்கிட்டு வர்ற தூரம் உமக்கு மிச்சம். ஆனா அதுவர எம் புருசன் சாப்பாட்டுல கை வச்சீரு, அந்த வாருகோல ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள், உடனே அடக்கிக்கொண்டாள். எலியல் குனிந்து கிண்ணத்தைப் பிடித்தார். பலாகாவும் பிடித்தாள். இரண்டு பேரும் கிண்ணத்தைப் பிடித்தபடி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற வேளையில் கூட்டம் விலகியது. வீரர்கள் வரிசையிலிருந்து ஃபீனா வந்துகொண்டிருந்தாள். கையில் கொப்பு இல்லை. அதை மகன் கல்லில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். எலியலுக்கு உயிர் வந்தது.

"எசமானியம்மா, நீங்களே சொல்லுங்க. உங்க வயித்துக்கு வந்தது ஊருக்கே தெரியும்."

ஃபீனா கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் உதட்டோரத்தில் வெந்த தழும்பு இன்னும் இருந்தது. பலாகா பிடியை விடவில்லை. இவள் ஒரு வார்த்தை சொன்னால் அறையும் போயிற்று, ஹுவோத்தியும் போனான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கெஞ்சுகிற பார்வை அவளுக்கு வராது. சொல்லு, இப்பவாவது வாயைத் திற என்கிற மாதிரித்தான் பார்த்தாள்.

"இவ எனக்கு எதும் குடுக்கல," என்றாள் ஃபீனா. "நானே போய்ப் பறிச்சேன். நானே வறுத்தேன். கொதிக்க வைக்கணும்னு தெரியல. தெரிஞ்சவகிட்ட கேட்க வாய் வரல."

ஹகோலா எசமானி ஊர் நடுவில் இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் ஏதோ வீட்டுக் கணப்படுப்பிடம் சொல்வது போல யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். ஆர்வி கடைசியாக லீவில் வந்தபோது, ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் தனக்கு உப்புக் காளானும் கிழங்கும் போட்டார்கள் என்றானாம். அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தானாம். மேட்டில் எவ்வளவோ முளைக்கிறதே, நீயும் செய்து கொடேன் அம்மா என்று கேட்டானாம். ஹகோலா வீட்டுப் பானையில் மாட்டுத் தீனி வேகாது என்று இவள் சொன்னாளாம். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். திரும்பி வரவில்லை.

"சின்னதுலேர்ந்து எதையும் கேட்காத பையன். அது ஒண்ணுதான் கேட்டான்." அவள் பலாகாவின் பக்கம் திரும்பினாள். "ஒரு கரண்டி குடு. அவனுக்கு."

பலாகாவுக்குக் கோபம் அதற்குள் போய்விடவில்லை. ஒரு மாதம் ஊர் முழுக்க விஷக்காரி என்று பேசவிட்டு இவள் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"கரண்டியில தர மாட்டேன்," என்றாள்.

ஃபீனா தலையை ஆட்டினாள். அது நியாயம்தான் என்கிற மாதிரி. திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"நில்லுங்க. கேட்டுட்டுப் போன பிள்ளைக்குக் கரண்டியில அளந்தா வைப்பாக?" எலியலின் விரல்களைக் கிண்ணத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, பலாகா கிண்ணத்தை ஃபீனாவின் கையில் வைத்தாள். ஒரு கரண்டியையும் போட்டாள். "முழுசாக் கொண்டு போங்க. எம் புருசனுக்குத் தொட்டியில கெடக்கு. வச்சுட்டு அப்படியே வந்திராதீக, கூட உக்காந்து நீங்களும் சாப்பிடணும். நீங்க பேசாம இருந்த கதய நாம வீட்டுல வச்சுப் பேசிக்கிடுவோம். அத நான் விட மாட்டேன்."

எலியல் கடைசியாக ஒருமுறை முயன்றார். அது வீரர்கள் கல்லறை, அங்கே போய்ச் சாப்பாடு, பாதிரியார் என்ன சொல்வார் என்றார்.

"அந்தக் கல்லுக்குக் கீழ இருக்கறது வீரன் இல்ல எலியல்," என்றாள் ஃபீனா. "எம் பையன். பசியோட போனவன்."

ஒரே அளவுக் கற்கள் நடுவே, ஈரமண்ணில், கறுப்புக் கோட்டோடு ஹகோலா எசமானி சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள். கரண்டியில் அள்ளி ஒரு வாய் தின்றாள். மெல்ல மெல்ல அவள் தோள்கள் குலுங்கின. கதவைச் சாத்திக்கொள்ள அங்கே கதவு இல்லை. பலாகா சுவரோரத்தில் ஹுவோத்திக்கு அப்பத்தைப் பிட்டு வைத்துவிட்டு, தன் ஒப்பாரியில் இன்னும் ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டில் வைத்துப் பேசிக்கொண்டார்களா என்றால், பேசினார்கள். இரண்டு நாள் கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரிப் பேசினார்கள். அதற்கப்புறம் பலாகா பின்கட்டை விட்டுப் போகவே இல்லை. ஊர் அவளை ரஷ்யக்காரி என்று சொல்வதை நிறுத்திவிட்டது என்றெல்லாம் நான் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். காளானை மட்டும் ஆள் தெரியாமல் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். சமையல்கட்டில் பலாகா ஒவ்வொருத்தியிடமும், மாட்டுக்கா உனக்கா என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள். வாசல் பலகையை யாரும் கழற்றவில்லை. வருஷா வருஷம் அந்தச் சனிக்கிழமை பலாகா சுவரேறிக் குதிப்பாள். எலியல் வாசலில் நிற்பார். அவருக்கு வாசல், இவளுக்குச் சுவர் என்று பேசி வைத்த மாதிரி நடந்தது. எலியலுக்குப் பிறகு வந்தவர் அந்த மூலையில் இரண்டு கல்லைப் படி மாதிரிப் போட்டு வைத்தார். பலாகா அதை உதைத்துத் தள்ளிவிட்டுத்தான் ஏறினாள்.

எழுபத்தெட்டு வயசில், ஆகஸ்டில், மேட்டிலிருந்து கூடையோடு திரும்பி வந்து, காளானைக் கொதிக்க வைத்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தக் காளானுக்கு உப்புப் போட்டது ஃபீனாதான். ஹுவோத்தி பக்கத்தில், சுவரை ஒட்டி, அவளுக்கும் இடம் கிடைத்தது.

அந்த வருஷத்துச் சனிக்கிழமை ஃபீனா ஊன்றுகோலோடு வந்தாள். எண்பதைத் தாண்டியவள், சுவரேற முடியாது. நேராக வாசலுக்கே வந்தாள். அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்த காவல்காரன் கூடையைப் பார்த்துவிட்டு, பாட்டியம்மா, இந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டான். அது எழுதும்போது நான் இருந்தேன், தள்ளு என்றுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

மேற்கு மூலையில் பூத்தையல் துண்டை விரித்தாள். கிண்ணத்தை வைத்தாள். மூன்று கரண்டி வைத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு, புது மண்ணைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு தூக்கல்னு சொல்லுவ. தெரியும். அந்தக் கல்லத்தான் வச்சேன், நீ சொன்ன மாதிரித்தான் போட்டேன். கொற இருந்தா எந்திரிச்சு வந்து சொல்லு."